நெஞ்சுக்குக் குடிபோன இரைப்பை

நான் வேலை பார்க்கும் கட்டடத்தில், தன் போன் அழைப்பை எதிர்முனையில் கட் பண்ணினால் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் நான்தான். நெதர்லாந்தில் காலை பத்தரைக்கு என் போனில் அலாரம் அடிக்கும். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆய்வுக்கூடத்தின் வராந்தாவுக்கு ஓடுவேன். ராஜபாளையத்துக்கு ஒரு வாட்ஸப் கால். இரண்டு ரிங் போவதற்குள் அங்கே கட் பண்ணிவிடுவார்கள். அப்பாடா என்று பெருமூச்சு விட்டுச் சிரித்துக்கொண்டே திரும்புவேன். பக்கத்து மேசையில் இருக்கும் யான் என்ற டச்சுக்காரன் ஒரு மாதம் இதைப் பார்த்துவிட்டு, பொறுக்கமாட்டாமல் கேட்டான்: "தினமும் யாரோ உன்னை வேண்டாமென்று ஒதுக்குகிறார்கள். நீ சிரிக்கிறாய். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?" "என் தாய்மாமா மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம்" என்றேன். அவன் மிகுந்த பரிவோடு தலையாட்டினான். மறுநாள் என் மேசையில் அலுவலக மனநல ஆலோசகரின் அட்டை இருந்தது. நல்ல மனுஷன், பாவம். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இந்த ஊரில் பெற்ற பிள்ளைகூட அப்பனிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.

உணவுக்குழாய்ப் புற்றுநோய்தான் என் பிழைப்பு. அறுவை செய்கிற டாக்டர் இல்லை நான். செல்லைப் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்து, அது ஏன் கெட்டுப்போகிறது என்று பார்க்கிற ஆள். இந்த நாட்டில் இந்த நோய் பெரும்பாலும் குழாயின் அடிப்பகுதியில் வருகிறது. இரைப்பையின் அமிலம் மேலே எதுக்களித்து எதுக்களித்து, அங்கே குடியிருக்கிற செல்கள் சூடு தாங்காமல் ஒருநாள் குடலின் செல்களைப்போல வேஷம் போட்டுக்கொள்கின்றன. பிழைக்க வேண்டுமே! வேஷம் போட்டதெல்லாம் கெட்டுப்போவதில்லை. ஆனால் கெட்டுப்போவது பல சமயம் அந்தக் கூட்டத்திலிருந்துதான். நம் பக்கத்தில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் குழாயின் மேலும் நடுவிலுமாக வருகிறது. புகையிலை, சாராயம், வெற்றிலைப் பாக்கு, கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற பானம் என்று காரணங்களும் வேறு. இரண்டையும் ஒப்பிட்டுக் கட்டுரைகள் எழுதி, கருத்தரங்கு மேடைகளில் நின்று கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஒரு நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்ததில்லை.

அப்படி இருக்கையில்தான் மாமாவுக்கு இட்லி இறங்கவில்லை. மாமா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையம் டீக்கடையில் அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. டீயை ஆற்றக் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் வாங்கி, மூன்றே மடக்கில் முடித்துவிட்டு, ஊதி ஊதிக் குடிப்பவர்களைப் பார்த்து, "என்னலே, கொழம்பு ருசி பாக்கியளா?" என்பார். பட்டாளத்து ரம்மும் பீடியும் உண்டு. எது காரணம் என்று என் படிப்பை வைத்துக்கொண்டு அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஊருக்குப் போய் அந்த டீக்கடை பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மூன்று மடக்கையும் பார்த்துச் சிரித்தவள் நான். உலகத்துக்கெல்லாம் எழுதினேன், பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மதுரையில் பார்த்த டாக்டர்கள் அதே நோய்தான் என்று தெளிவாகச் சொன்னார்கள். முதலில் மருந்தும் கதிர்வீச்சும், பிறகு அறுவை. மருந்துக்கும் கதிருக்கும் மாமா வாயைத் திறக்காமல் ஒத்துழைத்தார். அறுவை என்றதும் மாட்டேன் என்றுவிட்டார். நான் விமானம் ஏறி ஓடினேன். "ஏட்டி, நா பந்தி விசாரிச்சு வளந்தவன். வயித்த வெட்டிப்புட்டு, நாளைக்கு செல்வி கல்யாணத்துல பந்தியில உக்கார முடியாமக் கெடக்குறதுக்கு, இப்படியே போயிர்றேன்" என்றார். செல்வி அவருடைய ஒரே மகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம்கூடப் பேசிவைத்திருந்தார்கள். மாமாவுக்கு உயிரைவிட அந்தப் பந்திதான் கணக்கு. எந்தக் கல்யாண வீடானாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு, கை நீட்டி மறிப்பவர் கையை விலக்கி இன்னொரு கரண்டி போடுகிறவர் அவர். அவர் இருக்கிற பந்தியில் யாரும் அரை வயிற்றோடு எழுந்ததில்லை.

நான் ஒரு தாளில் படம் போட்டேன். குழாயில் கெட்ட பகுதியை எடுத்துவிடுவார்கள். இரைப்பையை நீளக் குழாயாக்கி, நெஞ்சு வழியாக மேலே இழுத்து, மிச்சக் குழாயோடு தைத்துவிடுவார்கள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப வயிறு நெஞ்சுக்குக் குடிபோயிருதா?"

"ஆமா மாமா."

"எடம் மாறுனா அது வேலை செய்யுமாட்டி?"

"செய்யும். கொஞ்ச நாளு தடுமாறும், பொறவு பழகிக்கிடும்."

மாமா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீ பழகிக்கிட்டியா?"

வெளிநாடு வந்த இருபது வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. நான் படத்தின் கோட்டை மறுபடியும் அழுத்தி வரைந்தேன். அவரும் வற்புறுத்தவில்லை. "சரி, நீயே பொழச்சுக் கெடக்க. அது பொழைக்காதா?" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டார். பதில் மட்டும் கடனாக நின்றுவிட்டது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. முதன்முதலாக ஒரு கரண்டி ரசஞ்சாதம் தொண்டையில் நிற்காமல் இறங்கிய அன்று மாமா அழுதாராம். அத்தை போனில் அதைச் சொல்லும்போது நானும் அழுதேன். பிறகு ஆரம்பித்தது உறவுக்காரர்களின் அன்பு. நம் ஊர் வழக்கம் தெரியாதா? நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். வந்தவர்கள் ஊட்டாமல் போகவும் மாட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஒருவர், "அண்ணாச்சி, எம்புட்டு மெலிஞ்சுட்டீய!" என்று பால்கோவாவைப் பிரித்து வைத்து, கூடவே உட்கார்ந்து தின்னவைத்துவிட்டார். அரை மணி நேரத்தில் மாமாவுக்கு உடம்பெல்லாம் வியர்வை, நெஞ்சு படபடப்பு, கண் இருட்டல். அத்தை உப்பும் மிளகாயும் எடுத்துத் திருஷ்டி சுற்றினார். சுற்றிக்கொண்டே எனக்குப் போன் போட்டார். முனைவர் பட்டம் வாங்கிய நான் என்ன செய்தேன்? மதுரை டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, நான் பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடினேன். அங்கே மரைக்கா என்று ஒரு அறுவை மருத்துவர், எனக்குப் பழக்கமானவர்.

"என்ன சாப்பிட்டார்?" என்றார். "பால்" என்றேன். "பால் மட்டுமா?" "பாலைக் காய்ச்சி... சர்க்கரை போட்டு... வெகுநேரம் காய்ச்சி..." "எத்தனை தேக்கரண்டி?" "கால் கிலோ இருக்கும்." மரைக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இது யார் கொடுத்த தண்டனை?" என்றார். "தண்டனை இல்லை, பாசம்" என்றேன். அது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் வியாதி விளங்கிற்று. பழைய வயிறு வந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்கு அனுப்பும். குழாயாகிவிட்ட வயிற்றுக்கு அந்த இடமும் இல்லை, பொறுமையும் இல்லை. சர்க்கரையை மொத்தமாகக் குடலில் கொட்டிவிடுகிறது, உடம்பு பதறிப்போகிறது. மதுரை டாக்டரும் அதையேதான் சொன்னார். கொஞ்ச நேரம் படுத்திருந்ததும் மாமா தெளிந்துவிட்டார். திருஷ்டி கழிந்தது என்று அத்தை இன்றும் நம்புகிறார். நான் மறுக்கவில்லை.

அன்றைக்கு வந்தது சட்டம்: ஒரு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு ஒரு கைப்பிடி, நிமிர்ந்து உட்கார்ந்து. நரம்புகளையும் அறுத்திருப்பதால் முன்னைப்போலப் பசி எடுக்காது, மணி பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். மாமா யார் சொன்னாலும் கேட்கவில்லை. "பசிக்காம எப்படிட்டி திங்கிறது?" என்றார். "பட்டாளத்துல பசிச்சா சாப்பிட்டீய? பியூகிள் ஊதுனாச் சாப்பிட்டீய" என்றேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. "அப்ப நீ ஊது" என்றார். அன்றிலிருந்து நான் பியூகிள். ஆறு வேளையில் நான் தூங்குகிற வேளைகளைச் செல்வி பார்த்துக்கொண்டாள். மற்றது என் பொறுப்பு. போன் கட் ஆனால் ஹவில்தார் வரிசைக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். குளிர்காலத்தில் டச்சுக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் திருப்பிவைப்பார்கள். ராஜபாளையத்து வயிறு திரும்பாது, நான்தான் அலாரத்தைத் திருத்த வேண்டும்.

ஆவணியில் செல்வி கல்யாணம் வந்தது. நான் நான்கு நாள் முன்னாலேயே போய்விட்டேன். தாலி கட்டி முடிந்து, ஒன்பது மணிக்கு முதல் பந்தி போட்டார்கள். முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. பெண்ணைப் பெற்றவர் கடைசிப் பந்தியில்தான் கை நனைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. இலையெல்லாம் போட்டு, பொங்கலும் வடையும் வந்துகொண்டிருக்கும்போது என் அலாரம் அடித்தது. மாமா பந்தித் தலைமாட்டில் சாம்பார் வாளியோடு நிற்கிறார். நான் கண்ணைக் காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிட்டே போனேன்.

"மாமா, மணி ஒம்பது."

"ஏட்டி, போ அங்கிட்டு. சம்பந்தி சாப்பிடாம நா உக்காரவா? ஊரு காறித் துப்பும்."

"கடைசிப் பந்தி பத்தரைக்கு மாமா. அதுவரைக்கும் தாங்காது."

"தாங்கும். அதுக்குத்தானே இம்புட்டு நாளு உசுர வச்சிருந்தேன். செத்த நேரம் எம்மவ கல்யாணத்துல மனுசனா நிக்க விடு."

வாளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் தூக்கினார். காலை ஆறரை வேளையையும் கல்யாண அவசரத்தில் தட்டிக் கழித்திருந்தார் என்று அத்தை அப்போதுதான் என் காதில் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, பயத்துக்கும்தான். அவர் அந்தப் பந்தியில் மயங்கி விழுந்தால், மகள் கல்யாணத்தின் ஞாபகமே அதுவாகத்தான் இருக்கும். ஆனால் நான் எப்படிச் சொல்வது? நான்தான் வெளிநாட்டுக்காரியாச்சே, முறை தெரியாதவள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

சம்பந்தி வத்திராயிருப்பில் நெல்லும் தென்னையும் வைத்திருப்பவர். அதிகம் பேசாதவர். நாங்கள் குசுகுசுவென்று சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "என்ன தாயி?" என்று என்னைக் கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் தன் இலையைப் பார்த்தார். இன்னும் ஒன்றும் பரிமாறியிருக்கவில்லை. அந்த இலையின் நுனியை மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, நறுக்கென்று கிழித்தார். தன் பக்கத்தில் இருந்த பையனை எழுப்பி நகரச் சொல்லி, அந்த இடத்தில் அந்த நுனியை வைத்துத் தண்ணீர் தெளித்தார்.

"சம்பந்தி, நுனி இலை மரியாதப்பட்டவகளுக்கு. அது ஒங்களுக்கு. நீங்க உக்காராம எங்க வீட்டு ஆளு ஒருத்தரும் கை வைக்க மாட்டாக."

பந்தியே கையை மடக்கிக்கொண்டு காத்திருந்தது. மாமா வாளியை என் கையில் கொடுத்தார். உட்கார்ந்தார், பட்டாளத்து நிமிர்வோடு. உள்ளங்கை அகல இலையில் ஒரு உருண்டை பொங்கலும் பாதி இட்லியும் வைத்தேன். இலை நிறைந்துவிட்டது! குறை என்று சொல்ல ஒரு வாய் இல்லை. கேசரி வாளி வந்தபோது நானும் சம்பந்தியும் ஒரே நேரத்தில் கையை நீட்டி மறித்தோம். வாழ்க்கையில் முதன்முதலாக மாமா பந்தியில் மறிக்கிற பக்கம் இருந்தார். சிரிப்பு தாங்காமல் அவர் தோள் குலுங்கியது.

பிறகு மாமாவைப் பிடிக்க முடியவில்லை. பதினொன்றரைக்கு மத்தியானச் சாப்பாட்டின் முதல் பந்தியில் ஒரு நுனி இலை. இரண்டு மணிக்குக் கடைசிப் பந்தியில், முறைப்படி, இன்னொன்று. நாலரைக்குப் பெண்ணை அழைத்துப்போன வத்திராயிருப்பில், சம்பந்தி வீட்டுக் கூடத்தில் ஒன்று. நடுப்பந்திக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். "எங்க பந்திக்கு மட்டும் ஏன் உக்காரலை? நாங்க என்ன எளச்சவுகளா?" "எம் மருமவ விடமாட்டேங்கா, அவட்டக் கேளுங்க" என்று மாமா என்னைக் கைகாட்டிவிட்டார். அத்தை தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவு சந்தோஷமான ஒரு நாளை நான் பார்த்ததில்லை.

நெதர்லாந்துக்குத் திரும்பிய முதல் வாரம். பத்தரைக்கு அலாரம் அடித்தது. வராந்தாவுக்கு ஓடினேன். ஒரு ரிங், இரண்டு, மூன்று. கட் ஆகவில்லை. நான்காவது ரிங்கில் மாமாவே போனை எடுத்தார்.

"என்ன மாமா? என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலட்டி. அன்னைக்கு, பழகிக்கிட்டியான்னு ஒண்ணு கேட்டேன். நீ பதிலே சொல்லல. செல்வியும் போயிட்டா, வீடு வெறிச்சுன்னு இருக்கு. அதான் ஞாபகம் வந்துச்சு."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் என் நுண்ணோக்கி தெரிந்தது. நெஞ்சுக்குப் போன இரைப்பையில் ஒரு துளி எடுத்து அதில் வைத்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். எத்தனை வருஷம் கழித்துப் பார்த்தாலும், அது இரைப்பைதான்.

"ஒங்க வயிறு மாதிரிதான் மாமா. பாக்குற வேலை இந்த எடத்து வேலை. ஆளு பழைய ஆளுதான்."

"சாப்பிட்டியா?" என்றார் மாமா.

"இங்க மணி பத்தரதான் மாமா. பசிக்கல."

"எனக்கு மட்டும் பசிக்குதாக்கும்? ரெண்டு மணியாச்சு. உக்காரு."

போன் கட் ஆயிற்று. நான் உள்ளே போய் டிபன் டப்பாவைத் திறந்தேன். யான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான். நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒரு கைப்பிடி சோறு சாப்பிட்டேன்.