இத்தா முடியட்டும் என்றேன்

தங்கச்சியின் மாப்பிள்ளை மௌத்தாகிப் பதினைந்தாம் நாள், நாங்கள் மிஸ் என்று கூப்பிடும் குடும்பநல மாது அவளுடைய தாராபுரத்து வீட்டுக்கு வந்தார். தங்கச்சி இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். துணைக்கு அவளுடைய அக்கா நான் உப்புக்குளத்திலிருந்து போய்த் தங்கியிருந்தேன்.

“மார்பு சோதிக்கிற கிளினிக்குக்கு ரெண்டு தரம் கார்டு தந்தனான். வரேல்லையே?” என்று மிஸ் கேட்டார்.

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். “இடப்பக்கம் ஒரு புளியங்கொட்டை மாதிரித் தட்டுப்படுது மிஸ்.”

எனக்கே அன்றுதான் தெரியும்.

“நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்கோ.”

“இத்தாவில இருக்கிறவ படலையைத் தாண்டலாமோ? முடியட்டும், நானே கூட்டிக்கொண்டு வாறன்” என்றேன்.

“வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போகலாம் எண்டுதான் கேள்விப்பட்டனான். மௌலவியிட்டக் கேளுங்கோ.”

கேட்கவில்லை. ஓர் ஆம்பிளையிடம் அந்தச் சொல்லை எப்படி எடுப்பது? அவர் மனைவியிடமாவது கேட்டிருக்கலாம். அந்தப் புத்தி வரவில்லை. ஓதின தண்ணீர் கொடுத்தேன். கலண்டரில் நாள் கிழித்தேன். நோவில்லை என்றாள், அதனால் பயமில்லை என்று இருந்துவிட்டோம். இதை வாசிக்கிற தங்கச்சிமாரே, நோவில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

இத்தா முடிந்த மறுநாள் போனபோது அது கொட்டைப்பாக்கு அளவு. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, “ஏனம்மா இவ்வளவு நாள்?” என்றார். மறித்தவள் நான் என்று நானே சொன்னேன். ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்று என்று வந்தது.

மௌலவியின் மனைவி பார்க்க வந்தார். “மருந்துக்குப் போறத மார்க்கம் எங்க தடுத்தது? என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கக் கூடாதா?” என்று அழுதார்.

இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். முடி கொட்டிவிட்டது. நல்லாகும் என்றும் டாக்டரம்மா சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. யா அல்லாஹ், என் வாயால் போன நாட்களை அவள் ஆயுளில் கழித்துவிடாதே. தொழுகையில் சுஜூதில் தலை வைத்தால் இதைத் தவிர வேறொன்றும் வருவதில்லை.

நேற்று அவள் தலைக்கு நான் துணி கட்டிவிடும்போது கேட்டாள்: “ராத்தா, உங்கட கார்டு எங்க?”

“அலுமாரிக்குள்ள.”

“எத்தினை தரம் போகாம விட்டனீங்கள்?”

“மூண்டு.”

“எனக்கு ரெண்டுதான். இதிலயும் நீங்கதான் மூத்தவ” என்று சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்தவள் விடவில்லை. “உங்களுக்கு இத்தாவும் இல்ல. போங்கோ.”

புதன்கிழமை கிளினிக். கூட வருவேன் என்று அடம்பிடிக்கிறாள். அவளுக்கு நடக்கத் தெம்பில்லை, ஓட்டோவுக்குச் சொல்லியிருக்கிறேன்.