பூட்டுக்கார அத்தானின் புதுக்கிழங்கு

என் அக்கா புருஷன் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். எப்பேர்ப்பட்ட பூட்டும் அவர் கைக்கு அடங்கும், உருளைக்கிழங்கு மட்டும் அடங்கவில்லை. இதை அவரிடம் சொன்னால் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். நமக்கும் காது கொஞ்சம் ஓய்வெடுக்கும்.

வீட்டிலிருந்து சைக்கிளில் எட்டு நிமிஷத் தூரத்தில் அவருக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. மற்றவர்கள் விதைக்கிழங்கைப் பற்றி நினைக்கும் முன்பே அத்தான் கடை ஜன்னலில் முட்டை அட்டைகளை வரிசையாக வைத்துவிடுவார். குழிக்கு ஒரு கிழங்கு, முளைக்கண் மேலே பார்த்தபடி இருக்கும். சாவி போட வந்தவர்கள் முட்டை என்ன விலை என்று கேட்டுவிட்டுத் திட்டு வாங்கிப் போவார்கள். முளை நக அளவு வந்ததும் நட்டுவிடுவார். எல்லாருக்கும் முன்னால் புதுக்கிழங்கு தின்ன வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

சீக்கிரம் நட்டால் செடி குளிரில் கருகும். அதற்குப் போர்த்த அக்காவின் விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு போவார். அக்கா ஒரு லாட்ஜுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிறவள். கிழங்குச் செடி போர்த்திக்கொண்ட விரிப்பில் எத்தனை பேர் படுத்து எழுந்தார்களோ, கணக்கு கிடையாது.

இத்தனை பாடுபட்டு வந்த கிழங்கு பார்க்க லட்சணமாக இருக்கும். வாயில் போட்டால் ஒன்றும் இருக்காது. மூன்று வருஷம் பொறுத்த அக்கா நாலாம் வருஷம் சொல்லிவிட்டாள். "இது கிழங்கு இல்லைங்க, தோல் போத்தின தண்ணி. இந்தத் தடவ முதல் கிழங்க என் வாயால நல்லாருக்குன்னு சொல்ல வைங்க. இல்லேன்னா அந்த எடத்துல நான் துணி காயப் போடக் கம்பம் நட்டுருவேன்."

நிலம் போய்விடும் என்றதும் அத்தானுக்குத் தூக்கம் போனது. யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். புதுக்கிழங்கின் இனிப்பு, மண்ணை விட்டு வெளியே வந்ததுமே குறையத் தொடங்கும். போன வருஷங்களிலெல்லாம் முதல் நாளே தோண்டி, கழுவி, கடையில் பரப்பி வைத்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டியதுதான் தப்பு. இந்த முறை அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுத்தான் கிழங்கு தோண்டப் போக வேண்டும். தண்ணீர் கொதிக்கும்போது கிழங்கு வாசலில் நிற்க வேண்டும்.

கணக்கு சரிதான். ஆனால் அவர் காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றிய தண்ணீரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் சொன்னேன். உனக்கென்ன தெரியும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பைப் பற்றவைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளில் பறந்தோம். நிலத்துக்குத் தகர வேலி, மேலே முள்கம்பி, கதவில் மூன்று பூட்டு. பக்கத்து நிலத்துத் தையல்காரர் கிழங்கைக் களவாடிவிடுவார் என்ற சந்தேகத்தில் அத்தான் தன் கையாலேயே செய்த பூட்டுகள். சட்டைப் பையில் கை விட்டார். கால்சட்டைப் பையில் விட்டார். பிறகு என் பையிலும் விட்டார். சாவிக்கொத்து அடுப்பு மேடையில் இருக்கிறது.

ஒரு கம்பித்துண்டைப் பொறுக்கி நோண்டினார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. முதல் பூட்டே அசையவில்லை. வியர்த்துக் கொட்டுகிற அந்த முகத்தில் ஒரு பெருமை வேறு.

"பாத்தியா மாப்ளே, என் பூட்ட எவனாலயும் தொறக்க முடியாது."

"தெரியுது அத்தான். அங்க தண்ணி கொதிக்குது."

தையல்காரரின் படலில் பூட்டு இல்லை. ஒரு துணிக்கிழிசல் கட்டியிருந்தது. அத்தான் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் உள்ளே இருந்தோம். இரண்டு செடி மட்டும் பிடுங்கி, குழியை மூடி, மேலே தட்டிவிட்டும் வந்தார். கட்டைவிரலால் தேய்த்தால் தோல் வழன்று வருகிற பிஞ்சுக் கிழங்கு, ஒவ்வொன்றும் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது.

அக்கா மண் போகக் கழுவி, கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். வெந்ததும் உப்பும் ஒரு துளி வெண்ணெயும் போட்டு ஒன்றைத் தின்றாள். இன்னொன்றை எடுத்தாள்.

"நல்லாருக்கு," என்றாள்.

நிலம் பிழைத்தது. ஆனால் அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சிரிக்கவும் முடியவில்லை, தையல்காரன் கிழங்குக்குக் கிடைத்த பாராட்டை விழுங்கவும் முடியவில்லை. அவரும் ஒன்றைத் தின்றார். ருசி அவரையும் விடவில்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, கழுவின தண்ணீரின் அடியிலிருந்து ஒரு சின்னக் கரித்துண்டை எடுத்துத் தட்டில் வைத்தாள். தையல்காரர் கரி போட்டு இஸ்திரி போடுகிறவர். அந்தச் சாம்பல் முழுக்க அவர் நிலத்துக்குத்தான் போகும் என்று தெருவுக்கே தெரியும்.

"நான் சொன்ன சொல் சொல்லுதான். எடம் உங்களுக்கே. போய் அந்த மனுஷன்கிட்ட ஒத்துக்கிட்டு வாங்க."

போனோம். தையல்காரர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார். கோபமே இல்லை. பக்குவம் என்னவென்று அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டதற்கு, பக்குவமெல்லாம் ஒன்றுமில்லை, கடைசி இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றச் சோம்பலாக இருக்கும், அந்தப் பக்கமே போவதில்லை என்றார். "ரெண்டு செடி என்ன, நாலு எடுத்துக்கங்க. செடிக்கு எப்படித் தண்ணி ஊத்தணும்னு எனக்குப் பாடம் நடத்தாம இருந்தாச் சரி."

வீட்டுக்கு வந்தால் தண்டனை பாக்கி இருந்தது. நிலத்தை விட்டுக்கொடுத்த அக்கா, இந்த வருஷம் அதில் விளைந்ததையெல்லாம் விளைவித்தவரே தின்று தீர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மத்தியானம் கிழங்கு, ராத்திரி கிழங்கு. ஒன்பதாம் நாள் கடையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, மேலே உப்பைக் கொட்டியபடி கேட்டார்.

"இன்னிக்குக் கொஞ்சம் ருசி வந்த மாதிரி இல்ல மாப்ளே?"

ஆமாம் அத்தான் என்றேன். வேறென்ன சொல்வது, என் மடியிலும் அதே கிழங்கு ஒரு டப்பா இருந்தது. களவுக்குக் கூட வந்தவனுக்கும் பங்கு உண்டு என்று அக்கா முதல் நாளிலிருந்தே எனக்கும் கொடுத்தனுப்பிக்கொண்டிருக்கிறாள்.