தர்சிகா அக்கா காகத்துக்கு வைத்த சோறு

ஷ்லீரன் நகரில் என் வேலை மேசையில் இருந்தபோதுதான் தர்சிகா அக்காவின் தம்பி அழைத்தான். "அக்கா போயிட்டா" என்றான். மூளையில் இரத்தக் கசிவு. காலையில் பூம்ப்ளிஸில் உள்ள வீட்டில் விழுந்தவர் பிறகு எழும்பவில்லை. முதல் நாள் மாலைதான், கேட்ட கருவியை நான் இன்னும் முடிக்கவில்லை என்று தொலைபேசியில் என்னைத் திட்டியிருந்தார். நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி தம்பி கேட்டான். "நல்லதா எழுது. அந்தக் காகக் கதையை மட்டும் விடு." விட முடியாது. அதை விட்டால் அவரைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை.

பறவைகளை நேசித்த பிள்ளை என்று இறுதிச் சடங்கு மண்டபத்தில் பலர் பேசினீர்கள். பிழை. அவர் நேசித்ததை நான் கண்டதில்லை. "நேசிக்கிற ஆக்கள் கூண்டு வாங்குவினம், எனக்குக் காடு வேணும்" என்பார். இந்து சமுத்திரத்தில் ஒரு சிறு தீவு. அதன் மலைக்காட்டில் நீண்ட கறுத்த வாலுள்ள ஓர் ஈப்பிடிப்பான் குருவி இருக்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை. கப்பல்களில் தொற்றி வந்த காகங்கள் அதன் முட்டையையும் குஞ்சையும் தின்றுகொண்டிருந்தன. வேறு காகமல்ல, சாம்பல் கழுத்துள்ள நம் ஊர்க் காகம்தான். அக்கா வருடத்தில் பாதியை அங்கே கழித்தார். காகங்களைப் பொறிவைத்துப் பிடித்தார், பிடிபடாதவற்றைச் சுட்டார். காகம் கரைவதைக் காட்டுக்குள் கேட்டு இடம் சொல்லும் கருவிகளை நான் செய்து கொடுத்தேன்.

ஒரு முறை தமிழ்ப் பள்ளி விழாவில் பேச அவரை அழைத்தார்கள். வண்ணக் குருவிகளை எதிர்பார்த்து எல்லோரும் இருக்க, முதல் படத்திலேயே செத்த காகங்கள் வரிசையாகக் கிடந்தன. முன்வரிசையில் அவருடைய அம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஓர் அண்ணை எழும்பி, "அதுவும் எங்களைப் போல அகதிதானே பிள்ளை, போன இடத்தில இருந்திட்டுப் போகட்டுமே" என்றார். அக்கா சிரிக்கவில்லை. "நாங்கள் இஞ்ச வந்து ஒருத்தற்றை குஞ்சையும் தின்னேல்லை அண்ணை." யாரோ ப்ரொஜெக்டரை நிறுத்திவிட்டார்கள். பிறகு அவரை எந்த விழாவுக்கும் கூப்பிடவில்லை. அவருக்கு அது நிம்மதி.

அவருடைய அப்பா மாரடைப்பில் இறந்தபோது நாங்கள் இருவரும் தீவில் இருந்தோம். காட்டில் ஒரேயொரு காகம்தான் மிஞ்சியிருந்தது. அந்தப் பருவத்தில் ஈப்பிடிப்பான் கட்டிய கூடுகளை எல்லாம் அது ஒவ்வொன்றாகக் காலிசெய்திருந்தது. மிச்சம் ஒரு கூடு, அதில் அப்போதுதான் பொரித்த குஞ்சுகள். அந்தக் காகத்துக்கு எங்கள் முகமும் தெரியும், சுடுகிற துவக்கும் தெரியும். பொறிப் பக்கமே வராது. நீங்கள் போங்கள், நான் புகலிட நாட்டின் கட்டாய ராணுவ சேவையில் சுட்டுப் பழகியவன், பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நீ குறி மட்டையைச் சுட்ட ஆள். இது உன்னைத் திருப்பிப் பார்க்கும்" என்றார். பிறகு, "அப்பா இனி ஒருக்காச் சாகமாட்டார். குஞ்சு சாகும்" என்றார்.

போகவில்லை. செத்தவீட்டில் நீங்கள் தேத்தண்ணீர் குடித்தபடி அவரைக் கிழித்ததெல்லாம் அங்கே எங்களுக்கு வந்து சேர்ந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அக்காவின் அம்மா தொலைபேசியில் அழைத்தார். வராதவள் வராதவளாகவே இருக்கட்டும், இருக்கிற இடத்தில் அப்பாவுக்காகக் காகத்துக்குச் சோறாவது வைக்கட்டும் என்றார். அக்கா சோறு காய்ச்சினார், மீன் பொரித்தார். குடிசைக்கு வெளியே ஒரு கல்லில் வாழையிலை விரித்துப் படைத்தார். பிறகு உள்ளே வந்து துவக்கை எடுத்தார். இது படையலா, பொறியா என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் ஒரே சோறுதான்."

யன்னலுக்குப் பின்னால் பதுங்கியிருந்து, அம்மாமார் கூப்பிடுவதைப் போலவே "கா… கா…" என்று கூப்பிட்டார். எத்தனையோ இறைச்சித் துண்டுக்கு வராத காகம் வந்தது. மீன் வாசமாக இருக்கலாம். கப்பலேறுமுன் ஏதோ துறைமுகத்தில் யாரோ அதை அப்படிக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு தடவை நடந்ததை வைத்து நான் முடிவு சொல்லமாட்டேன்.

அது தின்னத் தொடங்கியது. சுடுங்கள் என்றேன். கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். காகம் தலையைத் தூக்கிப் பார்த்தது, துள்ளி விலகியது, திரும்பி வந்தது. பறந்தால் மறுபடி ஒருபோதும் வராது, குஞ்சுகளும் முடிந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினேன். இலை வெறுமையாகி, அது அலகை இலை ஓரத்தில் துடைத்த பிறகுதான் சுட்டார்.

உங்களுக்கு விசரா என்று சண்டை பிடித்தேன். "அப்பா லுசேர்ண் ஹோட்டல் குசினியில காலம் முழுக்க நிண்டபடி சாப்பிட்ட மனிசன். ஒருக்கா முடிக்கட்டும் எண்டு விட்டன்" என்றார். பிறகு வழக்கம்போல காகத்தை மேசையில் கிடத்தி, இரைப்பையைப் பிளந்து, உள்ளே இருந்த சோற்றைப் பார்த்துவிட்டு, மேசையைக் கழுவு என்று என்னிடம் சொன்னார். கை கழுவிய ஈரத்தோடு அம்மாவுக்கு அழைத்தார். "ஓம் அம்மா, வந்தது. மிச்சம் வைக்கேல்லை." குஞ்சுகள் பறந்த காலையில் பார்க்க வரச் சொல்லிக் கூப்பிட்டேன். துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அடுத்த கப்பல் வரும்" என்றார், எழும்பவில்லை.

இதை எழுதுமுன் பூம்ப்ளிஸுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பக்குவமாகச் சொல்ல எனக்கு வராது, நடந்தபடி சொன்னேன். அவர் அதிரவில்லை. "அவள் சும்மா சோறு வைக்கிற பிள்ளையோ தம்பி? வந்தது எண்டு சொல்லேக்கையே எனக்கு விளங்கீட்டுது" என்றார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"தின்ன முதலோ, திண்ட பிறகோ?"

பிறகு என்றேன்.

"அப்ப எழுது."

அந்தத் தீவின் துறைமுகத்தில் இப்போது மறுபடி ஒரு காகம் கரைகிறது. இந்த மாதம் நான் போகிறேன். அதையும் அம்மாவிடம் சொன்னேன். "போனா அவளுக்கும் ஒரு பிடி வை" என்றார், என்ன சொல்கிறோம் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே.

தர்சிகா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை தீவில் கிடக்கும் அந்தத் துவக்கும், தொழில்முறைப்படி பிழையென்று நான் இன்றைக்கும் சொல்கிற ஒரு பழக்கமும். அவருக்காகச் சோறு வைப்பேன். பறந்துவிடக்கூடும் என்று தெரிந்தும் கடைசிப் பருக்கை வரை தின்ன விடுவேன். பிறகு சுடுவேன்.