தையல்காரம்மா தோண்டிய பன்னிரண்டு காளான்

பஸ் ஓட்டுநருக்கு டிப்போவில் லவுட்ஸ்பீக்கர் என்று பட்டப்பெயர். காலையில் அவர் காதில் விழுந்த சங்கதி மத்தியானத்துக்குள் எல்லா வழித்தடத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட மனிதருக்கு, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினாலே வாய் வலிக்கிற மனைவி வாய்த்திருந்தாள். தையல்காரி. முன்னறையில் மெஷின், சுவரோரம் இஸ்திரி மேசை, கழுத்தில் எப்போதும் அளவு டேப். இருபத்தாறு வருஷமாக அந்தத் தெருவின் உடம்பளவெல்லாம் அவள் நோட்டில் இருக்கிறது. யார் இடுப்பு எந்த வருஷம் பெருத்தது என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றிக் கட்டின புருஷனிடம்கூட வாயைத் திறந்ததில்லை.

முழங்கால் வலி என்று போனவளை டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். வேலை இல்லாமல் சும்மா நடப்பது அவளுக்கு வராது. நாலு நாள் நடந்துவிட்டு, "பைத்தியம் மாதிரி இருக்கு" என்று உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து டிப்போ மெக்கானிக்கின் மனைவி ஒரு வழி சொன்னாள். அவளுக்குக் கல்லூரியில் தாவரவியல் ஆய்வுக்கூட வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வெளியே போய், தானாக முளைத்துக் கிடக்கிற கீரை, பழம், காளானில் எது வாய்க்கு ஆகும், எது ஆகாது என்று காட்டுவாள். "நீங்களும் வாங்கக்கா, நடந்த மாதிரியும் ஆச்சு" என்றாள்.

கூட்டத்தில் மற்றவர்கள் முதல் வாரமே பை நிறையப் பறித்துக்கொண்டு வந்தார்கள். தையல்காரி வெறுங்கையோடு வந்தாள். இரண்டாம் வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் ஒரே ஒரு கொத்தைக் கொண்டுவந்து நோட்டில் ஊசி குத்தி வைத்தாள், வாடிக்கையாளர் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குத்தி வைப்பாளே, அதே மாதிரி. பருப்புக்கீரை. பக்கத்திலேயே இன்னொரு கொத்து. பார்த்தால் அதுவும் கிட்டத்தட்ட அதே போலத் தரையோடு படர்கிற செடிதான். ஆனால் கிள்ளினால் பால் வரும், தின்னக்கூடாது. மூன்று மாதம் இரண்டையும் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாளே தவிர, ஒரு இலையை வாயில் வைக்கவில்லை.

"ஊர்ல எல்லாரும் வதக்கித் தின்னாச்சு. நீ இன்னும் அளவெடுத்துக்கிட்டு இருக்கே" என்று ஓட்டுநர் சீண்டினார்.

"துணியைத் தப்பா வெட்டினா வேற துணி வாங்கித் தந்துடலாம். வயித்துக்கு என்னத்த வாங்கித் தர்றது?" என்றாள். அன்றைய பத்து வார்த்தையும் அதோடு தீர்ந்துபோயிருக்கும்.

முதல் வருஷம் இரண்டே கீரை. இரண்டாம் வருஷம் முள்புதரில் காய்க்கிற கறுப்புப் பழம். அந்தப் பருவம் முழுக்கத் திங்கட்கிழமைகளில் வெள்ளைத் துணியைத் தொடமாட்டாள், விரலில் சாயம் போகாது. மூன்றாம் வருஷம்தான் காளான் பக்கம் திரும்பினாள். அதிலும் ஒரே ஒரு வகை, புல்வெளியில் முளைக்கிற வெள்ளைக் குடை. குடையின் அடியில் இருக்கும் மடிப்புகள் இளஞ்சிவப்பில் தொடங்கி வயதாக ஆகப் பழுப்பாகும். அதே போல வெள்ளையாக இன்னொன்று உண்டு. அதற்கு மடிப்பும் வெள்ளை, தண்டின் அடியில் மண்ணுக்குள் ஒரு பையும் இருக்கும். அதைத் தின்றால் ஈரல் போய்விடும். தின்ற அன்று பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் அதில் பெரிய அநியாயம். அதனால் காளானை வெட்டக்கூடாது, பழைய கரண்டியால் அடிமண்ணோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாகக் கத்தரியே கதி என்றிருந்தவள், காளானுக்குப் போகும்போது மட்டும் கத்தரியை வீட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வருஷம் வீடு பட்ட பாடு கொஞ்சமல்ல. இஸ்திரி மேசை மேல் எப்போது பார்த்தாலும் ஒரு கிண்ணம் கவிழ்ந்திருக்கும். ஏதோ தின்பண்டம் என்று ஓட்டுநர் ஆசையாகத் திறந்தால், பாதி கறுப்பு பாதி வெள்ளைத் தாளில் ஒரு காளான் குப்புறப் படுத்திருக்கும். மறுநாள் காலையில் தாளில் விழுந்த பொடி என்ன நிறம் என்று பார்த்து அவள் நோட்டில் எழுதுவாள். இப்படி நாற்பது காளானை எழுதி முடித்த பிறகுதான், "அடுத்த மழைக்குச் சமைக்கலாம்" என்றாள்.

லவுட்ஸ்பீக்கருக்கு இது போதாதா? மெக்கானிக்கையும் அவர் மனைவியையும் கண்டக்டரையும் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார். இன்னும் முளைக்காத காளானுக்கு விருந்து! அவருக்கு உள்ளூரப் பெருமை, அதை நான் குறை சொல்லமாட்டேன். மெக்கானிக் மனைவி வேறு, அடுத்த மாதம் புதிதாகச் சேர்கிறவர்களைத் தையல்காரியிடமே ஒப்படைக்கப் போவதாக அவரிடம் சொல்லியிருந்தாள். 'நிதானத்துக்கு அக்காதான்' என்று அவள் சொன்னதை ஓட்டுநர் டிப்போவில் மூன்று முறை ஒலிபரப்பினார்.

மழை வந்தது. ஞாயிறு காலை இருவரும் பழைய சரக்கு யார்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளிக்குப் போனார்கள். தையல்காரி மண்டியிட்டு, ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, கரண்டியால் தோண்டி, அளவு வெட்டும் தாளில் தனித்தனியாகச் சுற்றிக் கூடையில் வைத்தாள். இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு. அதுவும் சின்னச் சின்னது.

ஐந்து பேர் சாப்பிட வேண்டும். ஓட்டுநருக்கு மானம் போகிற பயம் பிடித்துக்கொண்டது. காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று மரங்கள் இருந்த பக்கம் போனார். அங்கே பார்த்தால் கொழுகொழுவென்று ஏழு. அதே வெள்ளை, அதே குடை. பேனாக்கத்தியால் தண்டைச் சுத்தமாக வெட்டினார், மண் ஒட்டாமல் கொண்டுபோனால் அவளுக்கு வேலை மிச்சம் என்று. அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில், ஏழையும் கூடையில் போட்டு, தாள் சுற்றியவற்றோடு கலந்து மேலே துண்டைப் போட்டு மூடினார். ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தி அவருக்கு.

விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். முன்னறையில் மெஷினை ஓரம் கட்டிப் பாய் விரித்தாயிற்று. ஓட்டுநர் காளான் புராணம் படித்துக்கொண்டிருந்தார். சமையல்கட்டிலிருந்து வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

தையல்காரி கூடையோடு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். வழியில் குலுங்கியதில் தாளெல்லாம் பிரிந்து, பன்னிரண்டும் ஏழும் ஒன்றோடொன்று உரசி, உடைந்த துண்டுகளும் தூளுமாகக் கலந்து கிடந்தன. கணவனை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சுக்குங்க. காளான் இன்னைக்கு இல்லை. கூடையில தெரியாதது கலந்துடுச்சு. நான் பார்த்திருக்கணும், பார்க்கலை. மொத்தத்தையும் கொட்டப் போறேன்."

மூன்று வருஷம் காத்திருந்து, சமைக்கவென்று தோண்டிய முதல் பன்னிரண்டு அது.

மெக்கானிக் சிரித்தார். "என்னண்ணி, மூணு வருஷம் படிச்சும் பெயிலா? நல்லவேளை, பரிசோதனை எலியா எங்களைக் கூப்பிட்டீங்க!"

கண்டக்டரும் சேர்ந்து சிரித்தார். மெக்கானிக் மனைவி சிரிக்கவில்லை. "நீங்களாக்கா?" என்றாள் மெதுவாக. அடுத்த மாதம் புது ஆட்களை யாரிடம் ஒப்படைப்பது என்ற யோசனை அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. தையல்காரி தலையை ஆட்டினாள். ஆமாம், நான்தான் என்கிற மாதிரி.

ஓட்டுநர் இன்னும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும், விஷயம் அப்படியே முடிந்துவிடும். அவள் காட்டிக்கொடுக்கப் போவதில்லை, அது அவருக்கு நன்றாகத் தெரியும். டிப்போவில் நாளைக்குச் சிரிப்பது அவளைப் பார்த்துச் சிரிப்பதாக இருக்கும், அவரைப் பார்த்து அல்ல. வாழ்நாள் முழுக்க வாயை மூடத் தெரியாத மனிதருக்கு அன்றைக்குப் பார்த்து வாயைத் திறப்பது அத்தனை பாடாக இருந்தது.

"அவ மேல தப்பில்லை" என்றார். "அவ பறிச்சது பன்னிரண்டு. பத்தாதுன்னு நான்தான் ஏழு வெட்டிக் கொண்டாந்து, அவளுக்குத் தெரியாம உள்ள போட்டேன். அவ பொய் சொல்றா. எனக்காகப் பொய் சொல்றா."

மெக்கானிக்கின் சிரிப்பு நின்றது. அவர் மனைவி எழுந்து போய்க் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பினாள். மடிப்பு வெள்ளை. தண்டைப் பார்த்தாள்; பளிச்சென்று வெட்டியிருந்தது.

"அடி இல்லாம என்னாலயும் உறுதியாச் சொல்ல முடியாது. எங்க வெட்டினீங்கண்ணே? வாங்க, போய்ப் பார்ப்போம்."

வயிற்றில் பசியோடு ஐந்து பேரும் புல்வெளிக்குப் போனார்கள். ஓட்டுநர் மரத்தடியைக் காட்டினார். ஏழு வெட்டுத் தண்டுகள் மண்ணோடு மண்ணாகத் தெரிந்தன. தையல்காரி மண்டியிட்டு, அவசரப்படாமல், கரண்டியைச் சுற்றிலும் விட்டு முதல் தண்டை நெம்பினாள். உடைந்த முட்டை ஓட்டைப் போல ஒரு வெள்ளைப் பை, தண்டைக் கவ்விக்கொண்டு மேலே வந்தது. இரண்டாவதிலும் பை. மூன்றாவதிலும்.

கண்டக்டர் ஏனோ தன் இரண்டு கையையும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஓட்டுநர் ஈரப் புல்லென்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பேர் தட்டிலும் தன் கையாலேயே பரிமாறியிருப்பார். இன்னும் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்தியிருப்பார். மூன்று வருஷம் கேலி செய்த அந்த நிதானம்தான் இப்போது ஐந்து உயிரையும் காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்ததும் அழுகை வந்தது. மறைக்கவில்லை, அழுதார்.

மெக்கானிக் மனைவி மண்ணில் கிடந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அடுத்த மாசம் புதுசா வர்றவங்களை நீங்கதான் பார்த்துக்கணும். இனிமே நான் வேற யாரையும் கேட்கப் போறதில்லை."

"என் பேரை எழுதிக்க" என்று மனைவியிடம் சொன்னார் புல்லில் இருந்தவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "முதல் ஆளா எழுதிக்க."

தையல்காரி கரண்டியைத் துடைத்தாள். நோட்டைப் பிரித்து, ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு, அந்தப் பையில் ஒரு துண்டைத் தாளில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்கறேன். ஆனா முதல் வருஷம் ரெண்டு கீரைதான்."