எத்தன மணிக்கு எடுக்கறாங்க?

வெப்சைட் செய்யறதுங்கறது, முதலாளி காட்ட நினைக்கறதுக்கும் வர்றவன் தேடறதுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு மிதிபடற வேலை. என்னைப் போல மிதிபடற சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? ஈப்போவுல ஈமச்சேவை நடத்தற அண்ணன் ஒருத்தருக்கு நான் வெப்சைட் பாத்துக்கறேன். அதுல இறப்பு அறிவிப்புப் போடுவோம். தேடி வர்றவங்களுக்கு ஒரே கேள்விதான்: எத்தன மணிக்கு எடுக்கறாங்க? அது கண்ணுல படலன்னா, கடைசியா ஒரு தடவை முகம் பாக்க முடியாது.

முகப்புல யாரு?

எடுக்கற நேரத்தத்தான் மேல போட்டிருந்தேன். அண்ணன் தன் படத்தப் போடச் சொன்னாரு. பட்டு ஜிப்பா, பொன்னாடை, அத்தனை பல்லும் தெரியற சிரிப்பு. போனைத் திறந்தா திரை முழுக்க அவருதான். நேரத்தப் பாக்க விரல் தேயத் தள்ளணும். "துக்கத்துல வர்றவங்கண்ணே, இப்படிச் சிரிச்சா நல்லாவா இருக்கு?"ன்னேன்.

"அழறதுக்குத்தான் அவங்க இருக்காங்களே, சிரிக்க ஒருத்தராவது வேணாமா லா?"

வருக வருக

அண்ணனோட மச்சான் கல்யாண மண்டபம் வெச்சிருக்காரு. அந்த வெப்சைட்டுல நாதஸ்வரத்தோட 'வருக வருக'ன்னு ஓடும். தனக்கும் வேணும்னு அண்ணன் ஒத்தக் கால்ல நின்னாரு. கெஞ்சிக் கூத்தாடி நாதஸ்வரத்த மட்டும் நிறுத்தினேன். அடியில 'மீண்டும் வருக' வேற! எழவு வீட்டுல 'வாங்க'ன்னும் சொல்ல மாட்டோம், 'போயிட்டு வாரேன்'னும் சொல்ல மாட்டோம். இது அவருக்குத் தெரியாதா? அப்பாவைப் பறிகொடுத்த ஒருத்தர் பாரிட் புந்தார்லேருந்து போன் பண்ணாரு.

"மீண்டும் வரச் சொல்றீங்களே, எங்க வீட்டுல அடுத்தது யாருன்னும் நீங்களே சொல்லிடுங்கண்ணே."

ஐ.சி. பேரு

அறிவிப்புகளை ஐ.சி.யில, அதான் அடையாள அட்டையில, உள்ள பேருல மட்டும்தான் போடணும்னு அண்ணன் உத்தரவு. அதுதான் மரியாதையாம். பாத்தா லெட்சுமிக்குக் கீழ லெட்சுமி, அதுக்குக் கீழ இன்னொரு லெட்சுமி.

ஒரு நாள் துக்க வீட்டுல, பாடிய எடுத்துட்டுப் போன பெறகு, வெப்சைட்டுல நேரலை காட்டப் போட்ட வயரைச் சுருட்டிக்கிட்டு இருந்தேன். ஆயர் தாவார்லேருந்து ஒரு அக்கா வேர்த்து விறுவிறுக்க வந்து எறங்கினாங்க. செத்தவங்களும் இவங்களும் ஒரே ரப்பர் தோட்டத்துல பக்கத்துப் பக்கத்து நெரையில பால்மரம் வெட்டினவங்களாம். மக போன்ல எவ்வளவோ தேடியும் பேரு கெடைக்கல. விசாரிச்சு வீட்டக் கண்டுபிடிச்சு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. சுடுகாட்டுக்குப் பொம்பளைங்க போற வழக்கமும் இல்ல. காலி நாற்காலிகளப் பாத்தாங்க, அப்புறம் என்னைப் பாத்தாங்க.

"செவப்பின்னு போட்டிருந்தா அவ மூஞ்சியப் பாத்திருப்பேன் தம்பி, லெட்சுமின்னு அவ புருசன்கூட அவளைக் கூப்புட்டதில்ல."

உசுரோட இருக்கறவங்க தேடற எடத்துல செத்தவங்கள வைக்கணும், மொத்தத்துல எங்க தொழில் அவ்வளவுதான், அதைத்தான் இன்னும் ஒழுங்காக் கத்துக்கல.