மலைப்பாம்பும் பக்கத்து வீட்டு நாயும்

சாமைக் கொல்லையில் கல் பொறுக்கும்போதுதான் அந்த மலைப்பாம்புக் குட்டி கிடைத்தது. ஒன்றரை முழம் இருக்கும். கையில் சுற்றிக்கொண்டு பேசாமல் கிடந்தது. இரண்டு நாள் வைத்திருந்து விட்டுவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். நான்கு வருடம் வைத்திருந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் பழுதான ஃபிரிட்ஜ் ஒன்று கிடந்தது. கதவில் காற்றுக்கு ஓட்டைகள் போட்டு, சாக்கு விரித்து அதில் விட்டேன். முதலில் எலி, பிறகு அறுத்த கோழி. மதியத்தில் வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். அந்தக் கனம் தொடையில் இறங்கும்போது மனசு அடங்கிப்போகும். வனத்துறைக்குத் தெரிந்தால் வழக்கு என்பதால் மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அவள் தன் தங்கையை வீட்டுக்கு அழைப்பதையே நிறுத்திவிட்டாள். அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் ஃபிரிட்ஜ் கதவுக்குக் கொக்கி போட மறந்து கொல்லைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் ஃபிரிட்ஜ் காலி. பாம்பு விறகுக் குவியலுக்குப் பின்னால் கிடந்தது, வயிறு உப்பி. அப்போது பக்கத்து வீட்டு அக்கா ஆட்டுக்குட்டியைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்தார். கணவர் இறந்துபோன பிறகு நான்கு ஆடும் ஒரு செவலை நாயும்தான் அவருக்குத் துணை. குட்டியைப் பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அந்த நாய் முன்பு ஒரு கோழியைக் கடித்திருந்தது. பழி அதன் மேல் விழுந்தது. அக்கா அதைக் கட்டையால் அடிக்கும் சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்டது.

“எழுந்து போய் சொல்லிட்டு வா. வாயில்லா ஜீவன் அடி வாங்குது” என்றாள் மனைவி.

நான் எழவில்லை. மறுநாள் எங்கள் மலைக்குக் கீழே இருக்கும் ஒடுகத்தூருக்குப் போகும் ஜீப்பில் நாயை ஏற்றி, சந்தைப் பக்கம் இறக்கிவிடச் சொல்லி அனுப்பிவிட்டார் அக்கா.

அன்றே பாம்பைச் சாக்கில் கட்டி, பைக்கில் வைத்து நெல்லிவாசல் பக்கத்துக் காட்டுக்குக் கொண்டுபோனேன். அவிழ்த்தபோது குட்டியைக் கக்கியிருந்தது. அக்கா கட்டிய கறுப்புக் கயிறு கழுத்தில் அப்படியே இருந்தது. குழி தோண்டிப் புதைத்தேன். பாம்பு எங்கும் போகாமல் என் கால் பக்கமே கிடந்தது. காட்டில் இரை தேடிப் பழகாத அதைப் புதருக்குள் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தேன்.

இரண்டு மாதம் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு காலையில், அவர் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தபோது போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த தழையைக் கீழே வைத்தார்.

“குட்டி போனா போவுது தம்பி. அந்த நாய நான் இல்ல அடிச்சேன்? அடிக்க அடிக்க கையதான் நக்குச்சு.”

சொல்லிவிட்டால் எனக்கு லேசாகும் என்று நினைத்திருந்தேன். அவர் உட்கார்ந்து அழுததைப் பார்த்த பிறகு, சொன்னதும் தப்போ என்று இருந்தது.

மறுநாள் இருவரும் பஸ்ஸில் ஒடுகத்தூர் போய்த் தேடினோம். ஒரு செவலை நாய் சில நாள் சுற்றிக்கொண்டிருந்தது என்றும், மலைக்கு ஏறும் ஜீப்புக்கெல்லாம் பின்னால் ஓடும் என்றும் கறிக்கடைக்காரர் சொன்னார். பிறகு அவர் பார்க்கவில்லையாம். சாயங்காலம்வரை தெருத்தெருவாக நடந்துவிட்டுத் திரும்பினோம்.

அக்கா இப்போதும் என்னோடு பேசுகிறார். தன் தங்கையின் நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைக் கொண்டுவரட்டுமா என்று மனைவி கேட்டதற்கு மட்டும், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.