வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

பெரியப்பாவைத் தனியே விட்டுவைக்கலாமா என்று பார்த்துவிட்டு வர அண்ணன் என்னைத்தான் அனுப்பினான். குடும்பத்தில் வேண்டாத வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். அவரைத் தனியே விட முடியாது என்று நான் சொன்னால், அவரைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ள வேண்டியவளும் நான்தான்.

ஊரில் பாதிப் பூட்டுகள் அவர் கைபட்டவை. கடையை மூடிய பிறகும் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிள்ளை கிடையாது. பெரியம்மா போன பிறகு, "இந்த வீட்ட விட்டு என்னைப் பொணமாத்தான் தூக்கணும்" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

அடுப்பைப் பார்த்தேன், மாத்திரை டப்பாவைப் பார்த்தேன், குளியலறைத் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"என்ன, வாடகைக்கு வீடு பாக்க வந்தவ மாதிரி மூலை மூலையாப் பாக்குற? நான் பாஸா, பெயிலா?" என்று கிண்டலடித்தார். பாஸ்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

படுக்கையறைக் கதவில் மட்டும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

"பெரியப்பா, இது என்ன கூத்து?"

"தூக்கத்துல எந்திரிச்சு நடக்குறேன்மா. ஒருதடவ தெருமுனை வரைக்கும் போயிட்டேன். அதான் நானே மாட்டுனேன். வேலைக்கு வர்ற அம்மா, நான் படுத்ததும் தாழ் போடும், எந்திரிச்சதும் தொறந்து விடும்."

சாப்பிட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் எதிரே கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது. துளைக்குள் போய் நின்றது. தொட ஆள் இல்லை.

கொல்லைப்பக்கம் ஓடினேன். பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வேலைக்கார அம்மா எங்கே என்று கேட்டேன்.

"அவங்க நின்னு ரொம்ப நாளாச்சே! மகளோட போயிட்டாங்க. ஐயா சொல்லலையா?"

திரும்பி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். பட்டப்பகல்தான். ஆனாலும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து உள்ளே கட்டில் முனகியது.

"அம்மா, எந்திரிச்சுட்டேன். தொற."

தாழ்ப்பாள் வந்த வழியே திரும்பியது. கதவு திறந்தது. அவர் கையில் கனத்த காந்தம் ஒன்று இருந்தது. மெல்லிய பலகைக் கதவு, எண்ணெய் விட்ட இரும்புத் தாழ். அந்த அம்மா போனதும் உள்ளிருந்து தானே போட்டுத் தானே திறக்க வழி செய்திருக்கிறார். அவர் அதை மறந்துவிட்டார், அவர் கை மறக்கவில்லை.

பேய் இல்லை என்று தெரிந்தால் நிம்மதி வர வேண்டும். எனக்குப் பயம்தான் கூடியது.

"கையில என்ன பெரியப்பா?"

குனிந்து பார்த்தார். புரட்டிப் பார்த்தார். "இது யாருது? உன்னுதா? கண்ட எடத்துல போட்டுட்டுப் போகாத" என்று என் கையில் திணித்தார்.

சாயங்காலம் பையைத் தோளில் மாட்டினேன். காந்தம் பைக்குள் கிடந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

"சரி, நீ கெளம்பு. நான் கொஞ்சம் சாயுறேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மறுபக்கம் அவர் கை பலகையைத் தடவுவது கேட்டது. தாழ்ப்பாள் அசையவில்லை. தடவல் வேகமெடுத்தது.

"அம்மா... தாழ் போடலையா?"

குரல் நடுங்கியது.

"போட்டாச்சுங்க ஐயா" என்றேன்.

கை நின்றது. பெருமூச்சு கேட்டது.

"அந்தப் பொண்ணு போயிடுச்சா? என்னைக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் வந்துருக்கு. நல்லவேளை, நீ இருக்க."

"போயிட்டாங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.